அந்தப் பிரிட்ஜ் உண்மையா என்று கேட்காதீர்கள்

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், இரவு எட்டரை ஆனால் எல்லாக் காம்பராவிலிருந்தும் ஒரே சீரியலின் பாட்டுத்தான் கேட்கும். பெயர் வேண்டாம். அதன் ரசிகர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. மதுரை, கொழும்பு, டொராண்டோ, ஹட்டன் என்று எல்லா ஊர்க்காரர்களும் உண்டு. டீச்சருக்கு இது தேவையா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டு வருடமாக நானும் அதில் இருக்கிறேன். சீரியலின் நாயகியையும் நாயகனையும் எடுத்துக்கொண்டு ஆளாளுக்குச் சொந்தக் கதை எழுதிப் போடுவதுதான் அங்கே முக்கிய வேலை.

எங்கள் மேல் டிவிசனில் இருக்கும் ஒரு தங்கச்சியும் எழுதினாள். அவள் கதையில் நாயகி பதின்மூன்று வயதில் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள். புழுக்கம் தாங்கவில்லை. எல்லோரும் படுத்த பிறகு பிரிட்ஜைத் திறந்து முகத்தை உள்ளே நுழைத்துக்கொண்டு நிற்பாள். அந்தக் குளிர், விடிகாலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கப் போகிற நேரத்துத் தோட்டத்துக் குளிர் மாதிரியே இருக்கிறதாம். உள்ளே இருக்கும் கத்தரிக்காயிடம், "என்ன, ஊரில் பனி கொட்டுகிறதா?" என்று விசாரிப்பாள். பஸ்ஸில் வாசித்துக்கொண்டிருந்த நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

குழு சிரிக்கவில்லை. ஏழைப் பிள்ளையின் கண்ணீரைக் கேலியாக்காதே என்றார் ஒருவர். டயகமைச் சிறுமியை மறந்துவிட்டாயா என்றார் இன்னொருவர். மறப்போமா? கொழும்பில் வேலைக்குப் போன வீட்டிலிருந்து தீக்காயங்களோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டு, 2021 ஜூலையில் அந்தப் பிள்ளை இறந்தாள். வயது 16. அந்த மாதம் மலையகம் முழுக்க அதே பேச்சு. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயதை 14இலிருந்து 16ஆக உயர்த்தியதும் அதே 2021இல்தான். எங்கள் தங்கச்சி போனது அதற்கு முன்பு. பழைய சட்டப்படி பார்த்தாலும் பதின்மூன்று வேலைக்கு வைக்கக் கூடாத வயது.

ஆம், அவள் போயிருந்தாள். எனக்குத் தெரியும், குழுவுக்குத் தெரியாது. "இதையெல்லாம் அனுபவித்தவர்கள் எழுதினால் சரி, உனக்கு என்ன தெரியும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இரவு பதினொரு மணிக்கு அவள் மூன்றே வரி போட்டாள். "நான் பதின்மூன்று வயதில் போனேன். இரண்டு வருடம் இருந்தேன். அந்தப் பிரிட்ஜ் உண்மை."

அதற்குப் பிறகு வந்த அழும் முகங்களை எண்ணி முடியாது. வீராங்கனை என்றார்கள், மன்னித்துவிடு தங்கச்சி என்றார்கள். அதை யாரோ படம்பிடித்து வேறு குழுக்களுக்கு அனுப்பி, மூன்றாம் நாள் அது கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அவளுடைய அம்மாவின் காதுக்கு வந்துவிட்டது. "எதற்குப் பிள்ளை அதைச் சொன்னாய்? நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு இதைக் காட்டமாட்டார்களா?" என்று அம்மா கேட்டிருக்கிறார். அவள் குழுவை விட்டு விலகிவிட்டாள்.

கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவளுடைய கதையை நான் சொல்லலாமா என்பதும் நியாயமான கேள்வி. அவளிடம் காட்டினேன்; இரண்டு இடங்களை வெட்டச் சொன்னாள், வெட்டிவிட்டேன்.

இதே குழுவில் இன்னொரு தோட்டக் கதையும் ஓடியது. நாயகி எந்நேரமும் அழுவாள், எல்லோர் கையிலும் போன் இருக்கும் காலத்தில் வெள்ளைக்காரத் துரை குதிரையில் வருவார். (குதிரைக்குப் புல் யார் வெட்டுகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.) கடைசியில் மண்சரிந்து லயம் மூடிக்கொள்ள, நாயகன் வந்து நாயகியைத் தூக்குகிறான், காதல் கைகூடுகிறது. கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது, பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வருவதற்கு வீடு இல்லை. மழை விடாத இரவுகளில் இன்றும் தூங்காமல் மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் லயங்கள் இருக்கின்றன. மண்சரிவை எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. புதைந்த மற்றவர்களைப் பற்றி உங்கள் கதையில் ஒரு வரிகூட இல்லையே என்றுதான் கேட்டேன். வந்த பதில்: "உங்கள் சொந்தத்தில் யாராவது போனார்களா?"

எழுதினாலும் ரணத்தைக் காட்டு, ஆட்சேபித்தாலும் ரணத்தைக் காட்டு. சோதனைச் சாவடியில் அடையாள அட்டை கேட்ட மாதிரி. குடியுரிமைக்காக மூன்று தலைமுறை கடதாசி காட்டி அலைந்த எங்கள் மலையகச் சனத்திடம் இதையும் கேட்கிறீர்கள்.

வெளிநாடுகளிலும் இந்தக் கூத்து நடந்திருக்கிறது. கதாபாத்திரத்தின் அடையாளத்தை எழுதியவரும் பகிர்கிறார் என்று காட்ட, 'சொந்தக் குரல்' என்று பொருள்படும் ஒரு ஹேஷ்டேக்கை 2015இல் கொரின் டைவிஸ் என்ற எழுத்தாளர் தொடங்கினார். நல்ல நோக்கம்தான். நாளடைவில் அது எழுத்தாளர்களைக் குடைகிற கருவியாகிவிட்டது. தன்பாலீர்ப்புள்ள இளைஞனின் கதையை எழுதிய அமெரிக்க எழுத்தாளர் பெக்கி ஆல்பர்ட்டாலியை, உனக்கென்ன தகுதி என்று வருடக்கணக்கில் துளைத்தார்கள். 2020 ஆகஸ்டில் அவர் தானும் இருபாலீர்ப்பு உள்ளவர் என்று வெளியில் சொன்னார். தான் விரும்பிய விதத்தில் இது நடக்கவில்லை என்றும் எழுதினார். அடுத்த வருடம், பன்முகப் புத்தகங்களுக்காக இயங்கும் ஓர் அமெரிக்க அமைப்பு அந்தச் சொல்லையே கைவிட்டது.

ரசிகர் கதைகளுக்கென்றே இருக்கும் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' தளத்தில் கதைக்கு மேலே எச்சரிக்கை போடும் வழக்கம் இருக்கிறது: கடும் வன்முறை, பாலியல் வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் மரணம் என்று. எச்சரிக்கை தர விரும்பவில்லை என்று குறிக்கவும் ஓர் இடம் உண்டு. அதைப் பார்த்தவர் தன் பொறுப்பில் வாசிக்க வேண்டும். எழுதியவருக்கு என்ன நடந்தது என்று கேட்கும் கட்டம் எதுவும் கிடையாது. எங்கள் குழுவிலும் இப்படி ஒரு வரி போடலாமே என்று கேட்டேன், நாயகியின் பிறந்தநாள் கொண்டாட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை.

நேற்று ராத்திரி தங்கச்சி புது அத்தியாயம் அனுப்பினாள், எனக்கு மட்டும். நாயகி கொழும்பிலிருந்து ஹட்டன் பஸ் ஏறுகிறாள். மலைப்பாதையில் கினிகத்தேனை தாண்டியதும் ஜன்னலை முழுக்கத் திறந்துவிடுகிறாள். பின்சீட்டுக்காரர் குளிருகிறது, மூடு என்று சத்தம் போடுகிறார். அவள் மூடவில்லை. வட்டவளை வரைக்கும் சண்டை நடக்கிறது.