எலுமிச்சை அழுகலும் கணினியின் கணக்கும்

எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற பழங்கள் பறித்த பிறகு அழுகி வீணாவதைக் கணினி கொண்டு குறைக்கலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம், விவசாயிகள் புதிய தொழில்நுட்பத்துக்குத் தயங்குகிறார்கள் என்று சிலர் எளிதாக முடிவு கட்டிவிடுகிறார்கள். தென்காசி மாவட்டத்தில் புளியங்குடி, கடையம் வட்டார எலுமிச்சை விவசாயிகளோடு பழகி வருகிறவன் என்ற முறையில் என்னால் இதை ஏற்க முடியவில்லை. காலையில் வாட்ஸ்ஆப்பில் மண்டி விலையைப் பார்த்த பிறகே பறிப்புக்கு ஆள் சொல்லும் இவர்களுக்குக் கணினியின் மீது எந்தப் பகையும் கிடையாது. பழத்தைப் பார்த்து, எத்தனை கெட்டது என்று இயந்திரம் சொல்லும் கணக்கு யார் கைக்குப் போகும் என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி.

அந்தக் கேள்வியின் நியாயம் புரிய, அழுகல் வரும் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். எலுமிச்சை இனப் பழங்களைக் கெடுப்பதில் முதலிடம் பிடிக்கும் பச்சைப் பூஞ்சணம், காயம் படாத தோலுக்குள் நுழைவதில்லை. துரட்டியால் இழுக்கும்போது காம்போடு பிய்ந்த தோல், தரையில் விழுந்து கன்றிய பக்கம், மூட்டையில் திணிக்கும்போது பட்ட கீறல் ஆகியவையே அதற்கு வாசல். உள்ளே நுழைந்த பிறகு 25 டிகிரி அளவிலான வெப்பத்தில் ஏறத்தாழ 3 நாளில் அந்த இடம் நீர்கோத்து மெத்தென்றாகி, வெள்ளை படர்ந்து, பிறகு பச்சைப் பொடியாக உதிர்ந்து மற்ற பழங்களின் மேலும் படிகிறது. காயம் தோப்பில் பட்டிருக்கும், அல்லது லாரியில் பட்டிருக்கும். அழுகல் தெரிவதோ கேரளத்து வியாபாரியின் கடையில். அங்கிருந்து 'இவ்வளவு கழிவு' என்று தொலைபேசியில் வரும் சொல்லை நம்பி, விவசாயியின் பணத்தில் பிடித்தம் நடக்கிறது. அந்தக் கழிவை அவர் கண்ணால் பார்ப்பதே இல்லை.

கணினி உண்மையிலேயே உதவக்கூடிய இடம் இதுதான். புறஊதா ஒளி பட்டால், அழுகத் தொடங்கிய தோல் மற்ற இடங்களிலிருந்து வேறுபட்டு மின்னும். ஆரஞ்சு சிப்பம் கட்டும் வெளிநாட்டுக் கூடங்களில் தொழிலாளர்கள் இருட்டறையில் அந்த விளக்கின் அடியில் நின்று கெட்ட பழங்களைப் பொறுக்கி எறிவது நெடுங்கால வழக்கம். அது உடலுக்குக் கேடான வேலை. அந்தப் பார்வையைக் கேமராவுக்கும் கணினிக்கும் மாற்றும் ஆய்வுகள் ஸ்பெயினின் வலென்சியா போன்ற இடங்களில் நடந்திருக்கின்றன. வண்டி ஏறும் முன்பே இப்படிச் சோதித்துவிட்டால், ஒரு பழம் மூட்டையையே கெடுப்பதைத் தடுக்கலாம்; கழிவு எங்கே உண்டானது என்ற தகராறும் பெருமளவு தீரும்.

ஆனால் இயந்திரத்தை வாங்கும் வசதி வியாபாரிக்குத்தான் உண்டு, இரண்டு ஏக்கர்க்காரருக்கு இல்லை. 'இதுவரை வாயால் கழித்தார்கள், இனிமேல் கம்ப்யூட்டரைக் காட்டிக் கழிப்பார்கள்' என்று விவசாயிகள் சொல்வதை வெறும் சந்தேகம் என்று தள்ள என்னால் முடியாது. சொறி நோய் வந்த எலுமிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். தோலில் தக்கை போன்ற புள்ளிகள் இருக்கும், சாறு நன்றாகவே இருக்கும், ஊறுகாய்க்கு அதைத் தாராளமாக எடுக்கலாம். ஆரஞ்சுப் படங்களைக் காட்டிப் பழக்கிய ஒரு கணினி நிரல் இந்தப் புள்ளிகளை அழுகலோடு சேர்த்து எண்ணினால் நட்டம் யாருக்கு? நம் ஊர்ப் பழத்தைக் காட்டி, நம் ஊரில் தரம் பிரிக்கும் பெண்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் பழக்க வேண்டும். அவர்கள் கை வைத்த மாத்திரத்தில் சொல்வதை எந்த மென்பொருளும் இன்னும் முழுதாகக் கற்றுக்கொள்ளவில்லை என்பது என் எண்ணம்.

குளிர்பதனக் கிடங்கு விஷயத்தில் விவசாயிகளிடம் இந்தச் சந்தேகத்தை நான் காணவில்லை. எலுமிச்சைக்குக் கடுங்குளிர் ஆகாது. ஏறத்தாழ 10 டிகிரிக்கும் கீழே பல நாள் வைத்தால் தோலில் குழி விழுந்து பழுப்பேறும். வெளியே எடுத்ததும் வேகமாகக் கெடும். உருளைக்கிழங்குக்கு ஏற்ற குளிரில் எலுமிச்சையையும் வைத்துவிட்டு, குளிர்பதனமே வீண் என்று சொல்வதில் பொருளில்லை. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளந்து கைப்பேசிக்கு அனுப்பும் சிறு கருவிகளுக்குப் பெரிய செலவும் ஆகாது.

விலைச் சரிவை மட்டும் இதோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. 2022 ஏப்ரலில் நாட்டின் பல ஊர்களில் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய அதே எலுமிச்சை, மழைக்காலத்தில் பறிகூலிக்கும் கட்டாமல் மரத்தடியிலேயே கிடந்து அழுகுவதுண்டு. 2018-இல் வந்த தமிழக அரசின் உழவன் செயலி விலையைக் காட்டும். விலை இல்லாத நாளில் பழத்தை வாங்கிக்கொள்ள அதனால் ஆகாது. அதற்குச் சாறு, ஊறுகாய் ஆலைகளும் கொள்முதலும்தான் வேண்டும்.

ஆகவே தரம் பிரிக்கும் இயந்திரத்தை வியாபாரியின் கிடங்கில் வைக்காமல், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திலோ ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலோ அரசு மானியத்தில் நிறுவ வேண்டும் என்பது என் கருத்து. ஒவ்வொரு மூட்டைக்கும் எத்தனை பழம் எதனால் கழிந்தது என்பதைப் படத்தோடு ஒரு சீட்டாக விவசாயிக்குத் தர வேண்டும். அந்தச் சீட்டில் இல்லாத கழிவுக்குப் பிடித்தம் கேட்கிற வியாபாரி, வழியில் கெட்டது என்பதைத் தன் பங்குக்குப் படம் எடுத்துக் காட்டட்டும். முதலில் கேரளத்துக்குப் போகும் சரக்குக்கு மட்டும், கோடைப் பருவத்தில் தொடங்கிப் பார்க்கலாம்.