மேகசின் காலியே ஆகாதா உங்களுக்கு?

ஆக்‌ஷன் படத்துல வர்ற துப்பாக்கி சண்டைய பாத்தாலே இப்பல்லாம் பத்திக்கிட்டு வருது. ஹீரோ சுடுறான், ஓடுறான், உருண்டு போய் மறுபடி சுடுறான், கடைசி வரைக்கும் மேகசின, அதான் துப்பாக்கில மாட்டுற குண்டுப் பெட்டிய மட்டும் மாத்தவே மாட்டேங்குறான். ஏகே 47-க்கு சாதாரண மேகசின்னா 30 குண்டுதாங்க, நிமிஷத்துக்கு 600 குண்டு வேகத்துல சுடுற துப்பாக்கி அது, ட்ரிகர விடாம அழுத்துனா மூணே செகண்ட்ல காலி. அதுக்கப்புறம் அவன் வெறும் இரும்ப பிடிச்சிட்டு நிக்கணும், அந்த பயம்தான சீனே, அத தூக்கி போட்டுட்டு என்னத்த எடுக்குறீங்க?

அடியாள் மேல குண்டு பட்டா பத்தடி பறந்து போய் கண்ணாடிய உடைச்சிட்டு விழுறான். 9 எம்எம் குண்டு ஒரு எட்டு கிராம், செகண்டுக்கு 360 மீட்டர் வேகம்னு வைங்க, அது 70 கிலோ ஆளு உடம்புக்குள்ளயே நின்னா கூட அவன் பின்னாடி நகர்ற வேகம் செகண்டுக்கு நாலு சென்டிமீட்டர்தான் வரும். அவன் பறக்குறான்னா சுட்டவனும் பின்னாடி பறக்கணும்ல, நியூட்டன் மூணாவது விதி ஸ்கூல்லயே சொல்லிக் குடுத்தாங்களே. தோள்ல குண்டு பட்டா துணிய கட்டிட்டு அடுத்த சண்டைக்கு கிளம்பிடுறாங்க, கைக்கு போற பெரிய ரத்தக்குழாயும் நரம்பும் அங்கதான் ஓடுது, கைய தூக்கவே முடியாம போகலாம், ரத்தம் போயே செத்துரலாம். அப்புறம் சின்ன ரூம்ல அத்தன ரவுண்டு சுட்டுட்டு அடுத்த நிமிஷமே கிசுகிசுன்னு ரகசியம் பேசுறாங்க, துப்பாக்கி சத்தம் 140 டெசிபலுக்கு மேல, காது ஙொய்ய்ங்னு அடைச்சிருக்கும், எதுவும் கேக்காது. கார் கதவுக்கு பின்னாடி ஒளியிறதெல்லாம் கேக்கவே வேணாம், ரைபிள் குண்டுக்கு அது வெறும் தகடு, இன்ஜின் பக்கமாவது ஒளிங்கய்யா.

நிஜம் போர் அடிக்கும்னு சொல்றவங்க 1986 ஏப்ரல் 11 அமெரிக்காவுல மயாமில நடந்த துப்பாக்கி சண்டைய எடுத்து படிங்க. ரெண்டு கொள்ளைக்காரங்க, அமெரிக்க மத்திய புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ ஆளுங்க எட்டு பேரு, மொத்த சண்டையும் அஞ்சு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிருச்சு. கார் மோதுன வேகத்துல ஒரு ஏஜென்ட்டோட துப்பாக்கியே காணாம போச்சு, கைல இருந்த இன்னொன்னுல சுட்டு தீந்து லோட் பண்றப்ப அதே கைல குண்டு வாங்குனாரு. இன்னொருத்தருக்கு குண்டு பட்டு ஒரு கை சுத்தமா செயலிழந்து போச்சு, மிச்சம் இருந்த ஒத்த கையால பம்ப் ஷாட்கன்ன இழுத்து இழுத்து சுட்டாரு. கொள்ளைக்காரன் ஒருத்தன் ஆரம்பத்துலயே பிழைக்க முடியாத காயம் வாங்கியும் விழாம சுட்டுட்டே இருந்தான், ரெண்டு ஏஜென்ட் செத்துட்டாங்க. இத படிக்கிறப்பவே வயித்த கலக்குது, ஏன்னா ஒவ்வொரு குண்டும் அங்க கணக்குல இருக்கு.

ஹீரோ சாகணும்னு நான் கேக்கல. அவன் துப்பாக்கி ஒரு தடவ காலியாகட்டும், அடுத்த மேகசின எடுக்குறப்ப கை நடுங்கட்டும். செட்டுக்கும் கிராபிக்ஸுக்கும் கோடிக்கணக்குல கொட்டுறீங்களே, எத்தன குண்டு போச்சுன்னு எண்ண ஒரு ஆள வைக்க முடியாதா?