டங்ஸ்டன் ரவையை ஈயத்துக்குப் பதிலாக அப்படியே போட முடியாது

"துப்பாக்கித் தோட்டாவில் ஈய ரவையை, அதாவது சிறு குண்டுகளைக் கொட்டிவிட்டு அதே அளவு டங்ஸ்டனை நிரப்பினால் காட்டுப்பன்றித் தொல்லை தீர்ந்தது" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அண்ணே, இது உயிருக்கே ஆபத்து. ஈயம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், டங்ஸ்டன் கலவை ரவை சுமார் 18 கிராம். அதே அளவு போட்டால் எடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறும், அழுத்தம் எகிறித் துப்பாக்கிக் குழலே வெடிக்கலாம். ஈயத்தை நகத்தால் கீறினாலே தடம் விழும். டங்ஸ்டனோ குழலின் இரும்பையே கீறிவிடும். அமெரிக்காவில் இதை நிரப்புகிறவர்கள் ரவை குழலில் உரசாதபடி தடித்த உறையும் அதற்கென்றே சோதித்த வெடிமருந்தளவும் வைத்துத்தான் செய்கிறார்கள்.

மேலூர் பக்கம் எங்கள் கடலைக்காட்டிலும் பன்றிகள் ஒரே ராத்திரியில் இரண்டு பாத்தியை ஏர் ஓட்டின மாதிரி கிளறிப்போட்டன. காலையில் பிஞ்சுக் கடலையும் குளம்புத் தடமும்தான் கிடந்தன. அந்த வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும். ஆனால் 2025 ஜனவரி தமிழக அரசாணைப்படி காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் பன்றியைச் சுடலாம், அதுவும் வனத்துறையினர் மட்டுமே. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது ஆயுதச் சட்டப்படி தனிக் குற்றம். சேதத்தைப் படம் எடுத்து வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுங்கள், அண்ணே.