பெரிய பழுவேட்டரையர் மீசை

(காட்டுமன்னார்கோயில் கடைத்தெருவில் ஒரு சலூன். 2022 செப்டம்பர், இரண்டாவது வாரம். நாற்காலியில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் கலியபெருமாள். கடைக்காரர் செல்வம் ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொண்டு நுரை குழைக்கிறார். அந்த மாதம் தமிழ்நாட்டில் இரண்டே கட்சிகள்தான் இருந்தன. கல்கியின் பொன்னியின் செல்வன் நாவலைப் படித்தவர்கள் ஒரு கட்சி, 30-ஆம் தேதி மணிரத்னத்தின் படம் வருவதற்குள் படித்துவிடத் துடித்தவர்கள் இன்னொரு கட்சி. இரண்டும் ஒரே சலூனில் மாட்டிக்கொண்டன.)

செல்வம்: சொல்லுங்கண்ணே. கட்டிங்கா, ஷேவிங்கா?

கலியபெருமாள்: ஷேவிங் மட்டும் போதும். மீசைமேல் கை வைக்காதே. ஓரத்தை மட்டும் ஒதுக்கு. 30-ஆம் தேதிக்குள் இது பெரிய பழுவேட்டரையர் மீசையாக ஆகியாக வேண்டும்.

செல்வம்: (பதறி) அண்ணே, நிறுத்துங்கள்! அந்தப் பேச்சே இங்கே வேண்டாம். நான் இன்னும் மூன்றாம் பாகத்தில்தான் இருக்கிறேன்.

கலியபெருமாள்: நீ படிக்கிறாயா? எப்போதிலிருந்து?

செல்வம்: படிக்கவில்லை, கேட்கிறேன். யூடியூபில் ஒரு அம்மா வாசிக்கிறார்கள். தலைக்கு ஒரு அத்தியாயம். ஷேவிங் என்றால் அரை அத்தியாயம். குழந்தைக்கு மொட்டை என்றால்தான் கஷ்டம். அழுகையில் ஒன்றும் காதில் விழாது, முதலிலிருந்து வைக்க வேண்டும்.

கலியபெருமாள்: மூன்றாம் பாகத்தில் எங்கே?

செல்வம்: பாதி தாண்டவில்லை.

கலியபெருமாள்: அப்படியென்றால் மூன்றில் ஒரு இருபத்துமூன்று, நான்கில் 46, ஐந்தில் 91. ஆக 160. படம் வருவதற்குள் முடிக்க வேண்டுமானால் தினம் ஒன்பது தலை விழ வேண்டும்.

செல்வம்: புரட்டாசி பிறக்கப் போகிறதே அண்ணே! பெருமாளுக்கு விரதம் என்று பாதி ஊர் தாடியோடு திரியும். ஒன்பது தலைக்கு நான் எங்கே போவேன்? செவ்வாய்க்கிழமை வேறு கடை லீவு.

கலியபெருமாள்: வீட்டில் உட்கார்ந்து கேளேன்.

செல்வம்: வீட்டில் கேட்டால் அடுத்த நிமிஷமே தூக்கம் வந்துவிடுகிறது. கையில் கத்தி இருந்தால்தான் எனக்கு வந்தியத்தேவன் மனசில் நிற்கிறான்.

(நுரை பூசுகிறார். கலியபெருமாள் கண்ணாடியில் மீசையை மட்டும் பார்க்கிறார்.)

செல்வம்: அது சரி, ஏன் இந்த மீசை? உங்கள் வயதுக்குச் சுந்தர சோழர் மாதிரி கம்பீரமாகப் படுத்திருக்கலாமே.

கலியபெருமாள்: போன வாரம் நேரு ஸ்டேடியத்தில் ட்ரெய்லர் விழா நடந்ததே, பார்த்தாயா? ரஜினி என்ன பேசினார்? பெரிய பழுவேட்டரையர் வேடம் எனக்குக் கொடுங்கள் என்று அவரே கேட்டாராம். மணிரத்னம் மறுத்துவிட்டாராம். ரஜினி யார்? கண்டக்டராக இருந்தவர். ஒரு கண்டக்டருக்குக் கிடைக்காமல் போனதை இன்னொரு கண்டக்டர் மீசையிலாவது தீர்த்துக்கொள்கிறேன்.

செல்வம்: அந்த ட்ரெய்லரை நானும் பார்த்தேன். சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்த்தேன்.

கலியபெருமாள்: சத்தத்தை அணைத்துவிட்டா? கமல் குரல் கொடுத்திருக்கிறாரப்பா!

செல்வம்: அவர் ஏதாவது கதையைச் சொல்லிவிட்டால்? நான் தலையை மட்டும்தான் பார்த்தேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஆழ்வார்க்கடியானுக்கு முன்குடுமி என்று கல்கி எழுதியிருக்கிறார், அதைத்தான் முதலில் தேடினேன். ஜெயராமைத் தொப்பை வளர்க்கச் சொன்னார்களாம். தொப்பை யாருக்கும் வரும் அண்ணே. குடுமி அப்படியா?

கலியபெருமாள்: நந்தினி?

செல்வம்: ஐஸ்வர்யா ராயைப் பற்றி நான் என்ன சொல்ல? ஆனால் கொண்டை இருக்கிறதே, அது ஆண்டாள் கொண்டை. இடப்பக்கம் சாய வேண்டும். ஊரெல்லாம் யார் வந்தியத்தேவன், யார் குந்தவை என்று சண்டை போடுகிறது. விக் யார் செய்தார் என்று ஒருவர் கேட்டாரா? தோட்டா தரணி அரண்மனை கட்டுகிறார், ரவிவர்மன் படம் பிடிக்கிறார், எல்லாப் பேரும் எனக்குத் தெரியும். இத்தனை ஆயிரம் தலைக்குச் சடை பின்னியவர் பேர் மட்டும் தெரியவில்லை.

கலியபெருமாள்: சரி, உனக்குக் குடுமி. எனக்கு ஏரி.

செல்வம்: எந்த ஏரி?

கலியபெருமாள்: எந்த ஏரியா? கதை எங்கே தொடங்குகிறது? ஆடிப் பதினெட்டு அன்று வந்தியத்தேவன் எங்கே குதிரையில் வருகிறான்?

செல்வம்: வீரநாராயண ஏரிக்கரையில். நம் வீராணம்தான். எழுபத்து நான்கு கணவாய், அதாவது மதகு, என்று வருமே.

கலியபெருமாள்: அதேதான். அந்தக் கரையோரம் எத்தனை வருஷம் சிங்கிள் கொடுத்து டபுள் விசில் அடித்திருப்பேன்! ஒவ்வொரு ஆடிப் பெருக்குக்கும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன், ஒரு குதிரையாவது வராதா என்று. படம் எடுக்கிறார்கள் என்றதும் நம் ஏரிக்கு யூனிட் வரும் என்று காத்திருந்தேன். எங்கே போனார்கள் தெரியுமா? தாய்லாந்து!

செல்வம்: அங்கே ஏரி நன்றாக இருக்குமோ என்னவோ.

கலியபெருமாள்: அப்புறம் ஹைதராபாத். அதற்கப்புறம் மத்தியப் பிரதேசம். சென்னைக்காரர்களுக்குக் குடிக்க மட்டும் வீராணத்துத் தண்ணீர் வேண்டும். குழாய் போட்டு எடுத்துக்கொள்கிறார்கள். நடிக்கக் கூப்பிட மாட்டார்கள்!

செல்வம்: வாயை இப்படித் திறந்தால் நுரை உள்ளே போகும். கொஞ்சம் அடக்குங்கள். படம் எப்படியாவது வருகிறதே, அதைப் பாருங்கள்.

கலியபெருமாள்: அது வாஸ்தவம். கல்கியில் தொடராக வந்தது 1950-லிருந்து 54 வரை. 1958-இல் எம்.ஜி.ஆர். பத்தாயிரம் ரூபாய்க்கு உரிமை வாங்கினார். பின்னால் டைரக்டரான மகேந்திரன் அப்போது சின்னப் பையன், அவரை வைத்துத் திரைக்கதை எழுத வைத்தார். என் அப்பா அந்தப் படத்துக்காகக் காத்திருந்தார். அதற்குள் எம்.ஜி.ஆருக்கு விபத்து, அப்புறம் கட்சி, அப்புறம் கோட்டை. பிறகு கமல் எடுக்கப் போகிறார் என்றார்கள், நான் காத்திருந்தேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் விஜய், மகேஷ் பாபு என்றார்கள், என் மகன் காத்திருந்தான். இப்போது பேரன் என்னிடம் வந்து, "தாத்தா, இது பாகுபலி மாதிரியா?" என்று கேட்கிறான்.

செல்வம்: என்ன சொன்னீர்கள்?

கலியபெருமாள்: ஒன்றும் சொல்லவில்லை. பைண்டு செய்த ஐந்து பாகத்தையும் அவன் மடியில் வைத்தேன். மணியம் வரைந்த படங்களை மட்டும் புரட்டிவிட்டு, "போனில் இல்லையா?" என்றான்.

(செல்வம் கத்திக்குப் புது பிளேடு போடுகிறார். நாடி சுத்தமாகிறது. கலியபெருமாளுக்கு ஏதோ சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. முகத்திலேயே தெரிகிறது.)

கலியபெருமாள்: செல்வம், ஒன்று கேட்கிறேன். அருள்மொழிதான் பின்னால் ராஜராஜன் ஆகிறான் என்பதாவது உனக்குத் தெரியுமா, அதுவும் ரகசியமா?

செல்வம்: பெரிய கோயில் கட்டியவர் அவர்தானே, அது தெரியும். மற்றபடி சரித்திரப் பாடத்தை நான் கவனித்ததே கிடையாது. அந்தப் புண்ணியத்தில்தான் இன்றைக்கு எனக்குச் சஸ்பென்ஸ் மிஞ்சியிருக்கிறது. நன்றாகப் படித்த பையன்களைப் பாருங்கள், பாவம், எல்லாம் தெரிந்துகொண்டு தியேட்டருக்குப் போகிறார்கள்.

கலியபெருமாள்: அட, படிக்கவே வேண்டாமப்பா. நம்மூர் அனந்தீஸ்வரர் கோயில் சுவரிலேயே கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜன் பட்டத்துக்கு வந்த இரண்டாம் வருஷம் வெட்டியது. அதில் பேர் பேராகப் போட்டிருக்கிறது. ரவிதாசன், சோமன்...

செல்வம்: (கத்தியை உயர்த்தி) அண்ணே!

கலியபெருமாள்: என்னப்பா? அது கி.பி. 987!

செல்வம்: எந்த வருஷமாக இருந்தால் என்ன? எனக்கு இன்னும் நடக்கவில்லை. பாகத்தின் பேரே கொலை வாள். அந்த வாள் யார் மேல் விழப்போகிறது என்று தினம் ராத்திரி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். நீங்கள் கோயில் சுவரைக் காட்டுகிறீர்கள்!

கலியபெருமாள்: ஒரு ராஜாவே ஊருக்கு நடுவில் கல்லில் வெட்டி வைத்ததை நான் சொன்னால் குற்றமா?

செல்வம்: குற்றம்தான். அந்தச் சுவரில் சாய்த்துத்தான் நான் சைக்கிளை நிறுத்துகிறேன். நல்ல வேளை, அந்த எழுத்து எனக்குப் புரியாது. இனிமேல் பிரதோஷத்துக்குப் போனால் கண்ணை மூடிக்கொண்டுதான் சுற்ற வேண்டும். இதோ பாருங்கள், இன்னொரு வார்த்தை கதையைப் பற்றி வந்தது, மீசையில் ஒரு பக்கம் இறங்கிவிடும். பெரிய பழுவேட்டரையராக உட்கார்ந்தவர் சின்னப் பழுவேட்டரையராகத்தான் எழுந்திருப்பீர்கள்.

கலியபெருமாள்: சரி சரி, பேசவில்லை.

(அரை நிமிஷம் அமைதி. கண்டக்டராக இருந்தவருக்கு அது நீண்ட நேரம்.)

கலியபெருமாள்: பொதுவாக ஒன்று கேட்கலாமா? இவ்வளவு பேரில் உனக்கு யாரைப் பிடிக்கும்?

செல்வம்: சேந்தன் அமுதன்.

(கலியபெருமாள் துணிக்குள் நெளிகிறார்.)

செல்வம்: சிரிக்காதீர்கள். எல்லாரும் வந்தியத்தேவன் என்பார்கள். குதிரை, வாள், வாய். யாருக்குத்தான் பிடிக்காது? இவனைப் பாருங்கள். பூ பறித்துக் கோயிலுக்கு மாலை கட்டுகிறான், தேவாரம் பாடுகிறான். அம்மாவுக்குப் பேச்சு வராது. பூங்குழலியை மனசில் வைத்திருக்கிறான், அவளோ படகை எடுத்துக்கொண்டு கடலைப் பார்க்கப் போய்விடுகிறாள். ராஜா வீட்டுச் சண்டையில் இவனுக்கு ஒரு பங்கும் கிடையாது. நம்மை மாதிரி ஆள்.

கலியபெருமாள்: (தொண்டையைச் செருமி) ம்.

செல்வம்: என்ன ம்?

கலியபெருமாள்: ஒன்றுமில்லை. நுரை.

செல்வம்: ட்ரெய்லரில் அவன் என் கண்ணில் படவே இல்லை. மணிமேகலையாக யார் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. ஐந்து பாகத்தை இரண்டு படமாகச் சுருக்கினால் முதலில் யாரை வெட்டுவார்கள்? இந்த மாதிரி ஏழைகளைத்தான். (மீசை ஓரத்தில் கத்தரி வைக்கிறார்.) அசையாதீர்கள். நீங்கள் ஆடினால் பழுவேட்டரையரும் கிடையாது, சேந்தன் அமுதன் மாதிரி மொழுமொழுவென்று போக வேண்டியதுதான்.

கலியபெருமாள்: அமுதன் மாதிரி ஆனால் எனக்கென்ன நஷ்டம்? கடைசியில் அவன்தானே...

(நிறுத்துகிறார். துணிக்குள்ளிருந்து கையை உருவி வாயைப் பொத்துகிறார். இதற்குமேல் நானும் எழுதினால், இதைப் படிக்கும் செல்வங்களும் கத்தரியைத் தூக்குவார்கள்.)

செல்வம்: கடைசியில் அவன்தானே... என்ன?

கலியபெருமாள்: ஒன்றுமில்லை.

செல்வம்: அண்ணே, கடைசியில் அவன்தானே என்ன?

கலியபெருமாள்: கடைசியில் அவன்தானே... பூ கட்டுவான். முதலிலும் கட்டினான், கடைசியிலும் கட்டுவான்.

செல்வம்: அதைச் சொல்லவா வாயைப் பொத்தினீர்கள்? அவனுக்கு என்ன ஆகிறது? நல்லதா, கெட்டதா? அதை மட்டும் சொல்லுங்கள்.

கலியபெருமாள்: நீதானப்பா சொல்லக்கூடாது என்றாய். கல்வெட்டுக்கே கத்தி எடுத்தவன் நீ.

செல்வம்: அது வேறு. ரவிதாசன் யாரை வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். கோயில் சுவரில் இருப்பதை இப்போதே சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அமுதன் விஷயம் மட்டும் தெரியாமல் என்னால் இன்றைக்கு இன்னொரு தலையைத் தொட முடியாது.

கலியபெருமாள்: முடியாது. தொடர் வந்தபோது என் அம்மா வாராவாரம் காத்துக் கிடந்தார். யாரும் அவருக்கு முன்னால் போய்ச் சொல்லவில்லை. நீயும் கிட.

செல்வம்: ஷேவிங் காசு வேண்டாம்.

கலியபெருமாள்: ஊஹூம்.

செல்வம்: தலைக்கு டை அடித்துவிடுகிறேன். மசாஜும் உண்டு.

கலியபெருமாள்: (யோசித்து) எண்ணெய் மசாஜா?

செல்வம்: எண்ணெய்தான்.

கலியபெருமாள்: வேண்டாம். பாவம் வரும்.

(செல்வம் போனை எடுத்து ஐந்தாம் பாகத்தைத் தேடுகிறார். வரிசையின் கடைசியில் இருந்த தலைப்பில் விரல் நிற்கிறது.)

செல்வம்: கடைசி அத்தியாயம்... "மலர் உதிர்ந்தது". (முகம் வெளுக்கிறது.) மலர் உதிர்ந்ததா? பூ கட்டுகிறவனுக்கு மலர் உதிர்ந்தால் என்ன அர்த்தம்? ஐயோ, என் அமுதன் போய்விட்டானா?

கலியபெருமாள்: அந்த மலர் அவன் இல்லையப்பா, அது...

செல்வம்: எது?

கலியபெருமாள்: (பல்லைக் கடித்து) எதுவுமில்லை.

செல்வம்: அவன் இல்லை என்றால் பூங்குழலி! அவள் பேரிலும் பூ இருக்கிறது. வானதியா? நந்தினியா? கொண்டையில் பூ வைத்திருக்கிறாளே! தலையையாவது ஆட்டுங்கள் அண்ணே, ஆமாவா இல்லையா?

கலியபெருமாள்: முதலில் நுரையைத் துடை. காய்ந்து கன்னத்தை இழுக்கிறது.