"இதில் அவர் கையால் வரைந்தது எத்தனை அடி?"

சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு அமெரிக்க ஓவியர் ஜூடி பாக்கா வரைந்த லாஸ் ஏஞ்சல்ஸ் பெருஞ்சுவர் ஓவியத்தைத் திரையில் காட்டிவிட்டு, "நல்ல சமூக சேவைதான். ஆனால் ஓவியம் என்று பார்த்தால் இதில் அவர் கையால் வரைந்தது எத்தனை அடி?" என்று கேட்டார் பேச்சாளர். அரங்கமே சிரித்தது. நான் கை தூக்கினேன். நேரமில்லை என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

அந்தச் சுவர் முழுவதும் அவருடைய ஓவியம். பிள்ளைகளைச் சேர்த்து வரைய வைத்ததும் அந்த ஓவியத்தில் அடக்கம்.

அது ஒரு வெள்ளநீர்க் கால்வாயின் கான்கிரீட் சுவர். கோடையில்தான் உள்ளே இறங்கி வேலை செய்ய முடியும். 1976இல் தொடங்கி 1983 வரை, விட்டுவிட்டுப் பல கோடைகளில் 2,754 அடி வரைந்தார்கள். வேலை செய்த இளைஞர்கள் 400க்கும் மேல். பலர் போலீஸ் வழக்கில் சிக்கியவர்கள். அவர்களுக்குச் சம்பளம் உண்டு. வரலாற்று அறிஞர்களும் அந்த ஊர் மக்களும் சொன்னதையெல்லாம் கேட்டு, அத்தனை நீளத்தையும் ஒரே ஓட்டமாக இணைத்தவர் பாக்கா. அந்தச் சுவரில் சாவேஸ் ரவைன் என்ற குடியிருப்பைக் காட்டும் இடத்தைப் பாருங்கள். நெடுஞ்சாலை பாம்பாக வளைந்து ஒரு குடும்பத்தைப் பிரிக்கிறது. மேலிருந்து டாட்ஜர் பேஸ்பால் ஸ்டேடியம் பறக்கும் தட்டு மாதிரி இறங்குகிறது. மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் குடியிருந்த நிலம் அது. அவர்களை அப்புறப்படுத்திய பிறகு வந்த ஸ்டேடியம். இப்படி யோசித்து வரைந்தவரிடம் போய் அடிக்கணக்கா கேட்பது?

பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியர் ரூபன்ஸின் பட்டறையில் உதவியாளர்கள் தீட்டிய படங்கள் எத்தனையோ. அதற்காக அவற்றை ஓவியமே இல்லை என்று யாரும் சிரிப்பதில்லை.

"அப்படியானால் பாக்காவின் பெயர் மட்டும் ஏன் பிரபலம்? அந்தப் பிள்ளைகளின் பெயர்?" என்பீர்கள். நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சனிக்கிழமை சிரித்தவர்கள் யாரும் பிள்ளைகளுக்காகச் சிரிக்கவில்லை. "சில இடங்களில் கோடு சுமார்தானே" என்றும் ஒருவர் சொன்னார். இருக்கட்டும். அரை மைல் சுவரில் சுமாராக வரைந்த ஒரு முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு நான் என்ன பதில் சொல்ல?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று தோழி கேட்டாள். ஒரு பள்ளியில் பிள்ளைகளோடு சேர்ந்து சுவர் ஓவியம் செய்தேன். சண்டை போட்டுக்கொண்டே இருந்த இரண்டு பையன்களை ஒரே மரத்தின் இரண்டு கிளைகளைத் தீட்ட வைத்தேன். இரண்டும் அடிமரத்தில் ஒரே நிறத்தில் சேர வேண்டும். அதற்காகவாவது அவர்கள் பேசித்தானே ஆக வேண்டும்? பேசினார்கள். திறப்பு விழாவுக்கு வந்த பெரியவர் என்னைப் பார்த்து, "நீங்க இதுல எதம்மா வரைஞ்சீங்க?" என்றார். பிள்ளைகள் எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். அந்தக் கேள்வி இன்னும் வலிக்கிறது.

சேவை என்று பெயர் வைத்துவிட்டால் அழிப்பதும் சுலபம். 1984 ஒலிம்பிக்ஸுக்காக, மராத்தானில் ஓடும் பெண்ணை பாக்கா ஒரு நெடுஞ்சாலைச் சுவரில் வரைந்தார். 2019இல் அதன் மேல் பெயின்ட் அடித்து மூடினார்கள். பெரிய மியூசியத்துக்குள் இருக்கும் படத்தின் மேல் யாராவது பிரஷ்ஷை வைப்பார்களா?

கூட்டம் நடத்தியவர்களே, அதன் வீடியோவை வெளியிடப் போகிறீர்களாம். வெளியிடுங்கள். நான் கை தூக்கியதையும், நேரமில்லை என்று நீங்கள் சொன்னதையும் வெட்டாமல் போடுங்கள்.