ஒத்திகை என்று ஒதுக்கலாமா?

ஞானிகள் குழந்தை இயேசுவை வணங்கும் காட்சியை ஓவியமாக்கும் முன், அதற்காக லியொனார்டோ டா வின்சி 1481 வாக்கில் பேனாவும் மையும் கொண்டு தீட்டிய தாளை, ‘வெறும் ஒத்திகை’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டார், நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர். எனக்கு மனம் ஒப்பவில்லை. புளோரன்சின் உஃபிசி அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தத் தாளின் நீளம் 29 சென்டிமீட்டர்தான். ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தரை முழுக்க அடிகோல் வைத்து இழுத்த கோடுகள், தூரம் போகப் போக நெருங்கி ஒரே புள்ளியில் சேர்கின்றன. அவ்வளவு கறாரான கட்டங்களின் மேல், குதிரைகள் கட்டுக்கடங்காமல் துள்ளுகின்றன. பாழடைந்த கட்டடத்தின் படிக்கட்டுகளில் புகைபோல மனித உருவங்கள்.

வேடிக்கை என்னவென்றால், இதில் மரியாளும் இல்லை, குழந்தையும் இல்லை. ஆனால் ஓர் ஒட்டகம் சாவகாசமாகப் படுத்திருக்கிறது! (மத்தேயு நற்செய்தியின் இந்தக் காட்சியில் ஒட்டகமே கிடையாது.) பிறகு மரப்பலகையில் ஓவியத்தைத் தீட்டத் தொடங்கியபோது லியொனார்டோ அந்த ஒட்டகத்தை விட்டுவிட்டார். அந்த ஓவியத்தையும் பாதியில் போட்டுவிட்டு மிலானுக்குப் போய்விட்டார் என்பது வேறு கதை. எனக்கென்னவோ அந்தப் பெரிய பலகையைவிட, ஒட்டகம் இருக்கும் இந்தச் சிறு தாளைத்தான் பிடிக்கிறது.