காலாவதியான ப்ளீச் டப்பா

நேத்து பார்லர் அலமாரியைத் துடைக்கும்போது பின்னாடி ஒரு ப்ளீச் டப்பா அகப்பட்டுச்சு. பாதிகூடத் தீரல. தேதி முடிஞ்சு மூணு மாசம் ஆகுது. தண்டையார்பேட்டையில 19 வருஷமா பார்லர் வெச்சிருக்கேன். தை பொறந்து முகூர்த்தம் ஆரம்பிச்சா வாரத்துக்கு ரெண்டு டப்பா காலியாகும். பொண்ணுக்குப் போட்டா அம்மாவுக்கும் போடணும், கூட வந்த அத்தைக்கும் போடணும். இப்ப ப்ளீச்னு சொன்னாலே பொண்ணுங்க முகத்தைச் சுளிக்கிறாங்க.

அதுக்காக வெள்ளையாகுற ஆசை போயிடுச்சுன்னு யாராவது சொன்னா நான் சண்டைக்கு வருவேன். 1975ல வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020ல பேரை மாத்திக்கிட்டு க்ளோ அண்ட் லவ்லி ஆச்சு. எங்க நாற்காலியிலயும் அதே கதைதான். "கலர் வரணும்க்கா"ன்னு கேட்டவங்க இப்ப "க்ளோ வரணும்", "டேன் எடுக்கணும்", "க்ளாஸ் ஸ்கின் வேணும்"னு கேக்குறாங்க. டேன் எடுக்கணும்னு வர்றதுல பாதிப் பேருக்கு அது வெயில்ல கருத்த டேனே இல்ல, பொறந்த நிறம். அதை நான் எங்க போய் எடுக்குறது?

ஆனா ஒண்ணு ஒத்துக்கணும். இப்ப வர்ற காலேஜ் பொண்ணுங்க என்னைவிட வெவரம். "நியாசினமைடு போட்டுக்கினு இருக்கேன்க்கா, நைட்ல ரெட்டினால்"னு ஒருத்தி சொன்னப்ப எனக்கு ஒண்ணும் புரியல, தலையை மட்டும் ஆட்டினேன். அந்த மாதிரி வெவரம் தெரியாம இருந்ததுக்கு 2022ல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். பருவுக்கு அடாபலீன் போட்டுட்டிருந்த பொண்ணுக்கு மேல் உதட்டுல வாக்ஸ் வெச்சு இழுத்தேன். முடியோட தோலும் சேந்து வந்துடுச்சு. அந்த மாதிரி மருந்து போடுற தோல் மேலாக மெலிஞ்சிருக்கும், குறைஞ்சது ஒரு வாரமாவது நிறுத்தினப்புறம்தான் வாக்ஸைத் தொடணும்னு எனக்கு அன்னைக்குத் தெரியாது. அவளும் சொல்லல, நானும் கேக்கல. அவ அழுதது இன்னும் காதுல இருக்கு. தப்பு என்னுதுதான்.

அன்னையிலேர்ந்து நூலைக் கையில எடுக்குறதுக்கு முன்னாடியே கேள்விதான். போன ஒரு வாரமா முகத்துல என்னென்ன போட்ட? மாத்திரை ஏதாவது எடுக்குறியா? வயித்துல புள்ள இருக்கா? அம்பது ரூபா த்ரெடிங்குக்கு இவ்ளோ விசாரணையான்னு சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும்.

முன்னாடி வந்த தோல் வெயில்லயும் உப்புக்காத்துலயும் கெட்டுப்போன தோல். இப்ப வர்றது அதிகமா பாத்துக்கிட்டதால கெட்டுப்போன தோல். காலையில வைட்டமின் சி, ராத்திரி தோலை உரிக்கிற க்ளைகாலிக் ஆசிட், மறுநாள் ரெட்டினால், ஞாயித்துக்கிழமை வீட்லயே ஸ்க்ரப். கன்னம் ரெண்டும் தக்காளி மாதிரி. தண்ணி பட்டாக்கூட எரியுதாம். "ஒரு நல்ல ஃபேஷியல் போட்டு சரி பண்ணுங்கக்கா"ன்னு வந்து உக்காந்தா நான் என்ன பண்றது? எல்லாத்தையும் நிறுத்து, மைல்டா ஒரு ஃபேஸ்வாஷ், ஒரு மாய்ஸ்சரைசர், பகல்ல சன்ஸ்க்ரீன், ஒரு மாசம் கழிச்சு வான்னு அனுப்பிடுறேன். அவ கோச்சுக்கிட்டு ரெண்டு தெரு தள்ளி இருக்குற பார்லர்ல போய் போட்டுக்குறா. எனக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபா போச்சு.

இன்னொரு கூட்டம் இருக்கு, அதைப் பாத்தாத்தான் எனக்கு பயம். மெடிக்கல்ல "வெள்ளையாகுற க்ரீம் குடு"ன்னு கேட்டு வாங்கிப் போடுறவங்க. டியூப்ல எழுதியிருக்குறதைப் படிச்சா மொமெட்டசோன், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின்னு இருக்கும். முதல்ல சொல்றது ஸ்டீராய்டு. பத்து நாள்ல முகம் பளபளன்னு ஆகும், பக்கத்து வீட்டுக்காரி என்ன போட்டன்னு கேப்பா. மாசக்கணக்குல போட்டா தோல் மெலிஞ்சு ரத்தக்குழாய் செவப்பா தெரியும், பூனை முடி வளரும், பரு பொரியும். நிறுத்தினா இன்னும் மோசமாகும்னு பயந்து திரும்பவும் அதையே தடவுவாங்க. டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு 2018லயே மத்திய அரசு நெறைய ஸ்டீராய்டு க்ரீம்களைப் பட்டியல்ல சேத்தாச்சு. இருந்தும் என் நாற்காலிக்கு அந்த முகம் வர்றது நிக்கல. அவங்களை நான் தொடவே மாட்டேன். "ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போ, தோல் டாக்டர்கிட்ட டியூபையும் எடுத்துக்கிட்டுப் போய் காட்டு"ன்னு சொல்லிடுவேன். 2023ல மலப்புரம் பக்கம் கிட்னி கெட்டுப்போய் வந்தவங்கள்ல பல பேர் செவப்பழகு க்ரீம் போட்டவங்கன்னு செய்தி வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அதுல பாதரசம் இருந்ததா சொன்னாங்க. எந்தக் கம்பெனின்னே போடாம வர்ற டப்பாவை யாராவது கையில குடுத்தா, அந்தச் செய்தியைத்தான் சொல்லிக் காட்டுவேன்.

அப்புறம் இந்த முடி எடுக்குற லேசர். லேசர் ஒளி முடியில இருக்குற கருமையைத் தேடிப்போய் சூடாக்கும். நம்ம தோல்லயே அந்தக் கருமை நெறைய இருக்கே, அதுக்கு ஆள் பாத்து அலைநீளம் வெக்கணும். கருத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் லேசர்தான் பத்திரம்னு சொல்றாங்க, அது மேல்தோலை அவ்வளவா சுடாம உள்ள போகுமாம். நம்ம ஏரியா பொண்ணு ஒருத்தி எங்கயோ ஆஃபர்னு இஎம்ஐ கட்டி பண்ணிக்கிட்டு வந்தா. தாடையோரம் பட்டை பட்டையா கருப்பு. எட்டு மாசம் ஆச்சு, இன்னும் முழுசா போகல. இஎம்ஐ இன்னும் நாலு மாசம் பாக்கி. மெஷினைப் புடிச்சது டாக்டரான்னு கேட்டேன். "வெள்ளை கோட்டு போட்டிருந்தாங்கக்கா"ன்னா.

எனக்கே வந்து கேட்டாங்க. மூணு நாள் ட்ரெய்னிங், சுவத்துல மாட்ட ஒரு சர்டிஃபிகேட், கூடவே ஒரு மெஷின். பணத்தை எண்ணிப் பாக்குற அளவுக்கு எனக்கும் ஆசை வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். மூணு நாள்ல எனக்கு ஒழுங்கா புருவம் எடுக்கவே வராதுன்னு நெனச்சு விட்டுட்டேன். தோலுக்குள்ள போற வேலை தோல் டாக்டரோடது. மேல தடவுற, துடைக்கிற, வேணாம்னு சொல்ற வேலை என்னுது. இந்தக் கோட்டைத் தாண்டுற பார்லருங்க நம்ம பக்கமே நெறைய இருக்கு. தொழில்காரி நானே இதை எழுதுறதுக்கு ரெண்டு பேர் போன் பண்ணித் திட்டுவாங்க, தெரியும்.

ஆம்பளைங்களும் வர்றாங்க. அதைப் பத்தி இன்னொரு நாள்.

எனக்குப் புடிச்ச மாற்றம் ஒண்ணு இருக்கு, சன்ஸ்க்ரீன். காசிமேட்டுல மீன் விக்கிற அக்கா ஒருத்தங்க, மாசத்துக்கு ஒரு தடவை தலைக்கு டை அடிக்க வருவாங்க. மக சொல்லிக்குடுத்தாளாம், "அந்த வெயில் க்ரீம் எனக்கும் ஒண்ணு குடு"ன்னாங்க. ரெண்டு வெரல் நீளத்துக்குப் பிதுக்கி முகம், கழுத்து முழுக்கத் தடவணும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் போடணும்னு சொல்லி ஒரு டியூப் குடுத்தேன். ஜிங்க் ஆக்சைடு போட்டது, கருத்த முகத்துல வெளுப்பா நிக்கும்னு சொல்ல மறந்துட்டேன்.

நாலு நாள் கழிச்சு கூடையோட வாசல்ல நிக்கிறாங்க.

"இன்னாம்மா க்ரீம் இது? வஞ்சிரத்துக்கு மாவு பெரட்டுனா மாதிரி கீது மூஞ்சி. மார்க்கெட்டே சிரிக்குது. எங்க கலர்ல இருந்தா குடு, இல்லாட்டி துட்டைக் குடு."

எங்க கலர்ல இருக்குறதை இன்னைக்கு ஆர்டர் போட்டிருக்கேன்.